அமைச்சரவைப் பங்கீட்டை வாக்குப்பதிவுக்கு முன்பே எழுதி வெளியிடுங்கள்: புதுச்சேரிக் கூட்டணித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரியில் கூட்டணி அமைத்து எங்களிடம் வாக்குக் கேட்டு வரவிருக்கும் அனைத்துக் கட்சித் தலைவர்களுக்கும் வணக்கம்.

நான் காரைக்காலில் பிறந்து, இந்த மண்ணிலேயே பள்ளி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தக் கட்சியிலும் உறுப்பினன் அல்லன். வாக்களிக்கும் வயது வந்த நாள் முதல் ஒரு தேர்தலையும் தவறவிட்டதில்லை. 2021இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பதினைந்தாவது சட்டப்பேரவையின் காலம் முடிவை நெருங்கும் இவ்வேளையில், இந்த ஒரு பதவிக்காலத்தில் புதுச்சேரி அமைச்சரவை எப்படி அமைந்தது, எப்படி மாறியது, அந்த மாற்றங்களுக்கு இடையில் எங்களைப் போன்றவர்கள் எங்கே நின்றோம் என்பதைத் தங்கள் முன் வைத்து, ஒரே ஒரு கோரிக்கையை விடுக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

எங்கள் அமைச்சரவை மிகச் சிறியது. முதலமைச்சரையும் சேர்த்து ஆறே பேர். முப்பது தொகுதிகளில் புதுச்சேரிப் பகுதிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாஹேவுக்கு ஒன்று, ஏனாமுக்கு ஒன்று. பெரிய மாநிலங்களில் ஓர் அமைச்சர் விலகினால் அவருடைய துறையைத் தாங்கிக்கொள்ள இன்னும் முப்பது பேர் இருப்பார்கள். இங்கே ஒருவர் விலகினால் ஆறில் ஒரு பங்கு அரசு காலியாகிறது. எங்களுக்குத் தனி மாநிலத் தகுதி இல்லாவிட்டாலும், எங்கள் அன்றாடத் தேவைகளுக்கு நாங்கள் தட்டும் கதவு அந்த ஆறு பேருடைய கதவுதான் என்பதால், எண்ணிக்கை குறைந்த இந்த அவையில் ஒவ்வொரு நாற்காலியும் எங்களுக்குப் பெரிது.

2021 மே 2ஆம் தேதி வாக்குகள் எண்ணப்பட்டபோது என்.ஆர். காங்கிரஸ் 10 இடங்களிலும், அதன் கூட்டணிக் கட்சியான பா.ஜ.க. 6 இடங்களிலும் வென்றன. தி.மு.க.வுக்கு 6, காங்கிரஸுக்கு 2, சுயேச்சைகளுக்கு 6 இடங்கள் கிடைத்தன. மே 7 அன்று என்.ஆர். காங்கிரஸ் தலைவர் திரு. ந. ரங்கசாமி முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அன்று அவர் ஒருவர் மட்டுமே பதவியேற்றார். அடுத்த இரண்டு நாள்களில் அவருக்கே கொரோனா தொற்று உறுதியாகி, சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இரண்டாம் அலையின் உச்சத்தில், ஆக்சிஜன் படுக்கைக்காக உறவினர்கள் ஊர் ஊராகத் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருந்த அந்த மே மாதத்தில், புதுச்சேரிக்குச் சுகாதாரத்துக்கென்றோ உணவுக்கென்றோ தனியாக ஓர் அமைச்சரும் இல்லை. துணைநிலை ஆளுநர் பொறுப்பைக் கூடுதலாக ஏற்றிருந்த திருமதி தமிழிசை சௌந்தரராஜனும் அதிகாரிகளுமே நிர்வாகத்தை நடத்தினார்கள். பா.ஜ.க. தரப்பில் துணை முதலமைச்சர் பதவி கேட்கப்படுகிறது, இல்லை மூன்று அமைச்சர் பதவிகள் கேட்கப்படுகின்றன என்று நாள்தோறும் செய்திகள் வந்தன. கடைசியில் ஜூன் 27 அன்று, முதலமைச்சர் பதவியேற்ற 51ஆவது நாளில், திருவாளர்கள் ஆ. நமச்சிவாயம், க. லட்சுமிநாராயணன், தேனீ சி. ஜெயக்குமார், ஏ.கே. சாய் ஜெ. சரவணன்குமார், திருமதி சந்திர பிரியங்கா ஆகிய ஐவர் பதவியேற்றார்கள். பேரவைத் தலைவர் பதவியும் இரண்டு அமைச்சர் பதவிகளும் பா.ஜ.க.வுக்கு, முதலமைச்சரும் மூன்று அமைச்சர்களும் என்.ஆர். காங்கிரஸுக்கு என்று பங்கீடு முடிந்தது. இலாகாக்கள் ஒதுக்கப்பட்டது ஜூலையில்தான். அந்த 51 நாள்களும் தேர்தலுக்கு முன்பே ஒன்றாக மேடையேறி வாக்குக் கேட்ட கூட்டணிக்குள் நடந்த பேச்சுவார்த்தைக்குச் செலவான நாள்கள் என்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த இழுபறிக்கான காரணம் எண்ணிக்கையில் இருந்தது. யூனியன் பிரதேச அரசாங்கச் சட்டம் 1963இன்படி, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களோடு மூவர் வரை பேரவை உறுப்பினர்களாக மத்திய அரசு நியமிக்கலாம். முதலமைச்சர் மருத்துவமனையில் இருந்தபோதே, மே 10 அன்று, பா.ஜ.க.வைச் சேர்ந்த மூவர் நியமன எம்.எல்.ஏ.க்களாக அறிவிக்கப்பட்டார்கள். இத்தகைய நியமனம் செல்லும் என்று 2018 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது; அதைப் பற்றி இங்கே வாதாட நான் வரவில்லை. ஆனால் அந்த மூவரையும், ஆதரவு தெரிவித்த சுயேச்சைகள் சிலரையும் சேர்த்தால், ஆறு இடங்களில் வென்ற கட்சி பத்து இடங்களில் வென்ற கட்சியைவிடப் பேரவையில் பெரியதாகிவிட்டது. வாக்காளர் எழுதிய கணக்கு ஒன்று, பேரவையில் நின்ற கணக்கு வேறொன்று என்றான பிறகு, யாருக்கு எத்தனை அமைச்சர்கள் என்ற பேச்சு ஐந்தாண்டுகளும் ஓயாமல் ஓடியதில் வியப்பில்லை.

அந்த ஐவரில் திருமதி சந்திர பிரியங்கா பதவியேற்ற நாளை நான் மறக்க மாட்டேன். நெடுங்காடு தனித்தொகுதியில் வென்றவர். அந்தப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே பெண். 1980இல் எம்.டி.ஆர். இராமச்சந்திரன் அமைச்சரவையில் ரேணுகா அப்பாதுரை இருந்ததற்குப் பிறகு, நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு பெண் புதுச்சேரி அமைச்சரானார். எங்கள் தெருவில் பள்ளிக்குப் போகும் பெண் பிள்ளைகள் அவருடைய படத்தைக் கைபேசியில் காட்டி, "நம்ம ஊரு அக்கா சார்" என்று என்னிடம் சொன்னார்கள். போக்குவரத்து, ஆதிதிராவிடர் நலம், வீட்டு வசதி, தொழிலாளர் நலம், கலை பண்பாடு எனப் பல துறைகள் அவரிடம் இருந்தன.

2023 அக்டோபர் 10 அன்று அவர் பதவி விலகல் கடிதம் எழுதினார். சாதி அடிப்படையிலும் பாலின அடிப்படையிலும் தாம் தாக்கப்படுவதாகவும், சூழ்ச்சி அரசியலையும் பண பலத்தையும் எதிர்த்து நிற்க முடியவில்லை என்றும் அதில் சொல்லியிருந்தார். அவர் கடிதம் எழுதுவதற்கு முன்பே அவரை நீக்க முதலமைச்சர் பரிந்துரைத்துவிட்டார் என்ற செய்தி மறுபுறம் வந்தது. அவர் விலகினாரா, நீக்கப்பட்டாரா என்பதே பல நாள்கள் விவாதமாக இருந்து, குடியரசுத் தலைவரின் ஆணை வெளிவந்த பிறகுதான் அரசு முறையில் அது முடிவுக்கு வந்தது. எங்கள் சட்டத்தின்படி அமைச்சர்களை முதலமைச்சரின் ஆலோசனைப்படி நியமிப்பவர் குடியரசுத் தலைவர் என்பதால் ஒவ்வொரு மாற்றமும் தில்லி வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தத் தாமதத்தை நான் அறிவேன். நான் கேட்பது வேறு. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஒரு பெண் அமைச்சர் சாதியையும் பாலினத்தையும் குறிப்பிட்டு எழுதிய குற்றச்சாட்டுக்கு என்ன விசாரணை நடந்தது? அவருடைய செயல்பாட்டில் குறை இருந்திருந்தால் அது என்ன குறை? இரண்டில் எதுவானாலும் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை, அவருக்கு வாக்களித்த நெடுங்காட்டு மக்களுக்கு உண்டு. அந்த விளக்கம் இன்றுவரை எங்கள் கைக்கு வரவில்லை.

அவர் விட்டுச் சென்ற இடம் 2024 மார்ச் 14 அன்று காரைக்கால் வடக்குத் தொகுதியின் திரு. பி.ஆர்.என். திருமுருகன் பதவியேற்கும்வரை காலியாகவே கிடந்தது. ஐந்து மாதங்கள். ஐந்து தொகுதிகள் கொண்ட காரைக்கால் பகுதிக்கு அமைச்சரவையில் ஒருவரும் இல்லாத ஐந்து மாதங்கள்.

அந்த மாதங்களில் நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். என் பக்கத்து வீட்டில், கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளோடு வாழும் ஒரு பெண்மணி, வீடு கட்டும் மானியத்தின் அடுத்த தவணைக்காகக் காத்திருந்தார். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பி நின்றுவிட்டது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதால், பச்சைச் செங்கல்லின் மேல் நீலத் தார்ப்பாயைப் போர்த்தி, நான்கு மூலைகளிலும் கல் வைத்திருந்தார். ஒரு நாள் விடியற்காலைப் பேருந்தில் அவருக்குத் துணையாக நானும் புதுச்சேரிக்குப் போனேன். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளியே வந்து, ஏறத்தாழ நான்கு மணி நேரம். மஞ்சள் பைக்குள் குடும்ப அட்டை நகல், பட்டா நகல், சுவரின் புகைப்படம் எல்லாம் ஒரு பாலித்தீன் உறையில் இருந்தன. ஓர் அலுவலகத்தில் இருந்த எழுத்தர் அவற்றை வாங்கிப் பார்த்துவிட்டு, "புது அமைச்சர் வந்ததும் வாங்கம்மா, இப்போ எதுவும் நகராது" என்று உறையை அப்படியே திருப்பிக் கொடுத்தார். அவர் கடுமையாகப் பேசவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீரும் கொடுத்தார். திரும்பும் வழியில் அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எப்ப சார் போடுவாங்க?" ஓர் ஆசிரியனாக எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொன்ன எனக்கு, அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. ஏனென்றால் அந்தப் பதில் எந்த அரசாணையிலும் இல்லை. இரண்டு கட்சிகளின் தலைவர்கள் தமக்குள் பேசி முடிக்கும்வரை அது யாருக்கும் தெரியாது.

அந்தத் தவணை தாமதமானதற்கு அமைச்சர் இல்லாததே முழுக் காரணம் என்று நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஒதுக்கப்படாத துறைகள் முதலமைச்சரிடம் இருக்கும். கோப்பில் கையெழுத்திட அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கீழே இருக்கும் ஓர் அலுவலகத்துக்கு "அமைச்சர் இல்லை" என்று சொல்லிக்கொள்ள ஒரு வாய்ப்பைக் கொடுத்தது யார் என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். திரு. ரங்கசாமி எளிமையானவர், தேநீர்க் கடையில் நின்று மனு வாங்குபவர் என்பதை அவருடைய அரசியலை ஏற்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அந்தத் தேநீர்க் கடைக்குக் காரைக்காலிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர். மாஹேயிலிருந்து 600 கிலோமீட்டருக்கும் மேல், ஏனாமிலிருந்து 800 கிலோமீட்டருக்கும் மேல். தொலைவில் இருப்பவர்களுக்கு ஒரு மனிதரின் எளிமை துணை நிற்காது. அவர்களுக்கு வேண்டியது, துறைக்குப் பொறுப்பான ஒருவரின் பெயர்.

அடுத்த மாற்றம் பா.ஜ.க.வின் பக்கம் வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் உள்துறை அமைச்சராக இருந்துகொண்டே போட்டியிட்ட திரு. நமச்சிவாயம், காங்கிரஸின் திரு. வெ. வைத்திலிங்கத்திடம் 1.36 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அதன் பிறகு பா.ஜ.க. எம்.எல்.ஏ.க்கள் சிலரும் ஆதரவுச் சுயேச்சைகளும் தில்லிக்குச் சென்று, தங்கள் கூட்டணி அரசின் மீதே தங்கள் கட்சித் தலைமையிடம் புகார் சொன்னார்கள். அரசுக்கு அளித்துவரும் ஆதரவை விலக்கிக்கொள்ள வேண்டும் என்றுகூட வலியுறுத்தினார்கள். எங்களுக்கு அது தொலைக்காட்சிச் செய்தி மட்டுமே. பேரவையில் எழுந்து நின்று பேசியிருக்க வேண்டியதை அவர்கள் விமானம் ஏறிப்போய்ப் பேசினார்கள்.

ஓராண்டு கழித்து, 2025 ஜூன் 27 அன்று, பதவியேற்று நான்கு ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், திரு. சாய் சரவணன்குமார் பதவி விலகினார். அன்றே நியமன எம்.எல்.ஏ.க்கள் மூவரும் விலகினார்கள். ஜூலை 14 அன்று திரு. ஜான்குமார் அமைச்சராகவும், வேறு மூவர் நியமன எம்.எல்.ஏ.க்களாகவும் பதவியேற்றார்கள். மற்றவர்களுக்கும் வாய்ப்புக் கொடுப்பதற்காகக் கட்சி எடுத்த முடிவு என்று கூறப்பட்டது. புதிய அமைச்சருக்குப் பல மாதங்கள் எந்த இலாகாவும் ஒதுக்கப்படவில்லை.

இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. ஒருவர் நன்றாக வேலை செய்யவில்லை என்று மாற்றினால் அது நிர்வாகம். ஒருவர் மீது குற்றச்சாட்டு எழுந்ததால் மாற்றினால் அது நேர்மை. இரண்டும் இல்லாமல், தேர்தலுக்கு ஓராண்டுகூட இல்லாத நிலையில், காத்திருந்தவர்களுக்கு முறை வந்துவிட்டது என்பதற்காக ஓர் அமைச்சரை மாற்றி, புதியவருக்குத் துறையும் கொடுக்காமல் வைத்திருந்தால், அந்தப் பதவி யாருக்காக இருக்கிறது என்று நாங்கள் எண்ணுவது? நியமன உறுப்பினர் விஷயம் இன்னும் வேதனையானது. எங்கள் வாக்கு இல்லாமல் பேரவைக்குள் வரும் அந்த மூவருக்கும், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு இணையான வாக்குரிமை உண்டு. சட்டம் அந்த இடங்களை வைத்திருப்பது தேர்தலில் நிற்க வாய்ப்பில்லாத அறிஞர்களும் பணியாளர்களும் அவைக்குப் பயன்பட வேண்டும் என்பதற்காக என்றே நான் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த இடங்கள் ஒரு கட்சிக்குள் பகிர்ந்துகொள்ளும் தவணைகளாக ஆனபோது, நான் நடத்திய அந்தப் பாடத்துக்காக வருந்தினேன்.

சாய் சரவணன்குமார் ஊசுடு தனித்தொகுதியின் உறுப்பினர். சந்திர பிரியங்கா நெடுங்காடு தனித்தொகுதியின் உறுப்பினர். புதுச்சேரியில் தனித்தொகுதிகள் ஐந்து. அந்த ஐந்திலிருந்து அமைச்சரவைக்கு வந்த இருவரும் பதவிக்காலம் முடியும் முன்பே வெளியேறிவிட்டார்கள். அவர்களுடைய இடத்துக்கு மற்றொரு தனித்தொகுதி உறுப்பினர் வரவில்லை, மற்றொரு பெண்ணும் வரவில்லை. துணைப் பேரவைத் தலைவர் பதவி நெட்டப்பாக்கம் தனித்தொகுதியின் திரு. பெ. ராஜவேலுவிடம் இருந்தது என்பது உண்மைதான். அது மதிப்புக்குரிய பதவி. ஆனால் திட்டத்தை வகுத்து நிதியை ஒதுக்கும் மேசையில் அமரும் பதவியன்று. 2021 ஜூன் 27 அன்று எடுத்த படத்தையும் 2025 ஜூலை 14க்குப் பிறகு எடுத்த படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நான்கே ஆண்டுகளில் யார் அந்தப் படத்திலிருந்து காணாமற்போனார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். ஆறு நாற்காலிகளில் எட்டுப் பேர் அமர்ந்த ஒரு பதவிக்காலத்தின் இறுதியில், இதைத் தற்செயல் என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள முடியவில்லை.

தி.மு.க., காங்கிரஸ் தலைவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். 2016இல் அமைந்த காங்கிரஸ் முதலமைச்சர் திரு. நாராயணசாமியின் அமைச்சரவை நான்கரை ஆண்டுகளுக்கு மேல் பெரிய மாற்றமின்றி நின்றது. பிறகு 2021 ஜனவரி முதல் ஒரு மாதத்துக்குள், அமைச்சர்கள் நமச்சிவாயமும் மல்லாடி கிருஷ்ணாராவும் வெளியேற, எம்.எல்.ஏ.க்கள் ஒருவர் பின் ஒருவராக ராஜினாமா செய்ய, பிப்ரவரி 22 அன்று ஆட்சி கவிழ்ந்தது. அப்போது ராஜினாமா செய்தவர்களில் பலரைச் சில மாதங்களிலேயே எதிர் வரிசையின் வேட்பாளர்களாகவும் அமைச்சர்களாகவும் பார்த்தோம். இன்று ஆளும் கூட்டணியைக் குறை சொல்லும் தாங்கள், தங்கள் கூட்டணிக்குள் யாருக்கு என்ன வாக்குறுதி கொடுத்தீர்கள், எது நிறைவேறாமல் அந்த விரிசல் வந்தது என்பதை எங்களிடம் சொன்னதில்லை. திரு. ரங்கசாமியும் 2008இல் காங்கிரஸ் முதலமைச்சராக இருந்தபோது தம் அமைச்சரவைச் சகாக்களின் அதிருப்தியால் பதவி விலக நேர்ந்தவர். அந்த வலி அவருக்குத் தெரியும். ஆகவே, இந்தக் கோளாறை யாரோ ஒருவருடைய குணக்கேடாக நான் பார்க்கவில்லை. பங்கீட்டைப் பூட்டிய அறைக்குள் பேசி முடிக்கும் வழக்கமே இதற்கு வேர் என்று கருதுகிறேன்.

வேறு வழி இருக்கிறது. மாஹே மக்களைக் கேட்டால் சொல்வார்கள். அவர்களைச் சுற்றியிருக்கும் கேரளத்தில் 2021 மே மாதம் தொடர்ந்து இரண்டாம் முறையாக இடது முன்னணி ஆட்சி அமைத்தபோது, ஓர் உறுப்பினரை மட்டுமே கொண்ட நான்கு சிறிய கட்சிகளுக்கு இரண்டு அமைச்சர் இடங்களை இரண்டரை ஆண்டு வீதம் பகிர்ந்தளிப்பதாக அப்போதே அறிவித்தார்கள். 2023 டிசம்பரில் ஆன்டனி ராஜுவும் அகமது தேவர்கோவிலும் விலகினார்கள். டிசம்பர் 29 அன்று கே.பி. கணேஷ்குமாரும் கடன்னப்பள்ளி ராமச்சந்திரனும் பதவியேற்றார்கள். இடைவெளி சில நாள்கள் மட்டுமே. ஓர் அமைச்சரைப் பாதியில் மாற்றுவது நல்லதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. இரண்டரை ஆண்டில் ஒரு துறையைக் கற்றுக்கொள்ளவே பாதிக் காலம் போய்விடும். ஆனால் அங்கே மாற்றம் வரப்போகிறது என்பது முதல் நாளிலிருந்தே வாக்காளருக்கும் அதிகாரிக்கும், மாறவிருந்த அமைச்சருக்கும் தெரிந்திருந்தது. யாரும் யாரையும் நீக்கியதாகவோ அவமதித்ததாகவோ பேச்சு எழவில்லை.

என் கோரிக்கை இதுதான். கூட்டணி உறுதியானதும், தேர்தல் அறிக்கையோடு சேர்த்து, அமைச்சரவைப் பங்கீட்டையும் எழுத்தில் வெளியிடுங்கள். எந்தக் கட்சிக்கு எத்தனை அமைச்சர்கள், பேரவைத் தலைவர் யாருடைய பக்கம், மாநிலங்களவை இடம் யாருக்கு, நியமன உறுப்பினர்களுக்கு யாரைப் பரிந்துரைப்பீர்கள், சுழற்சி உண்டென்றால் எந்த மாதத்தில் என்பதெல்லாம் வாக்குச் சாவடிக்குப் போகும் முன் எங்களுக்குத் தெரிய வேண்டும். காரைக்காலுக்கு ஓர் அமைச்சர், பெண் ஒருவர், தனித்தொகுதியிலிருந்து ஒருவர் என்று அந்தக் காகிதத்தில் எழுதுங்கள். அவர்களில் ஒருவர் விலக நேர்ந்தால் அந்த இடம் அதே தகுதியுள்ள மற்றொருவருக்கே போகும் என்பதையும் எழுதுங்கள். பெண் வேட்பாளர்களை நிறுத்தாமல் பெண் அமைச்சர் வர முடியாது என்பதால், இது வேட்பாளர் பட்டியலிலிருந்தே தொடங்க வேண்டும். முதலமைச்சர் பதவியேற்கும் நாளிலேயே அமைச்சர்களின் பெயர்களும் இலாகாக்களும் தில்லிக்குப் போகட்டும். ஓர் அமைச்சர் விலகினாலோ நீக்கப்பட்டாலோ, காரணத்தை முதலமைச்சர் பேரவையில் தம் வாயால் சொல்லட்டும்; விலகியவருக்கும் அதே அவையில் பதில் சொல்ல நேரம் கொடுக்கப்படட்டும். இதில் எதற்கும் சட்டத் திருத்தம் வேண்டாம், மாநிலத் தகுதி கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தங்கள் கையொப்பம் போதும்.

என் பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குப் பிறகு பணம் வந்து, கூரையும் போட்டுவிட்டார். அந்த நீலத் தார்ப்பாய் இப்போது அவர் வீட்டு மாடியில் வற்றல் காயவைக்கப் பயன்படுகிறது. தேர்தல் பிரசாரத்துக்குக் காரைக்கால் வரும்போது, தங்கள் கூட்டணியின் பங்கீட்டுக் காகிதத்தை மேடையில் ஒருமுறை முழுவதுமாக வாசியுங்கள். மாஹேயில் மலையாளத்திலும் ஏனாமில் தெலுங்கிலும் வாசிக்கச் செய்யுங்கள். அதன் ஒரு பிரதியை அந்தப் பெண்மணி கேட்டார், நானும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
காரைக்கால் பகுதி வாக்காளர் ஒருவர்